ஹாலில் ஒரு ஜோடிக்குத்தான் இடம்

ஜூன் 8, ஞாயிறு

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த காலத்தில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதியதோடு சரி. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவி பூங்கோதை. இன்று அவள் செய்த காரியத்தை எங்காவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். யாரிடம் சொன்னாலும் அவள் பக்கம்தான் பேசுவார்கள். அதனால் டைரி.

வீட்டை விற்றாயிற்று. இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. இந்த மாடியையும் தோட்டத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாய்பாபா காலனியில் லிப்ட் வைத்த அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். போய் ஹாலை அளந்து பார்த்தோம். சோபா, டி.வி., சாமி அலமாரி போக ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைக்கத்தான் இடம். அதற்கென்ன, நம்மிடம் இருப்பதே ஒரு ஜோடிதானே என்று நிம்மதியாக இருந்தேன். என் இங்கிலீஷ் ஜோடி. இடுப்பு உயரம், தேக்கு நிறம். அதை ஓட்ட, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு ஜப்பான் ஆம்ப். நகர்த்த வேண்டுமென்றால் இரண்டு ஆள் பிடிக்க வேண்டும்.

காலையில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. குன்னூரில் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்களாம். பூங்கோதை போனிலேயே பேசி முடித்து, ஒரு ஜோடி ஜெர்மன் ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவள். அடுத்தவரைக் கேட்டுப் பழக்கமில்லை.

"ஏம்புள்ள, இது என்ன?"

"ஸ்பீக்கருங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"புது வீட்டுக்கு."

பின்பக்கம் குனிந்து பார்த்தேன். கரன்ட் ஒயர் தொங்கியது. ஆக்டிவ் ஜோடி! என் வீட்டில்! ஸ்பீக்கர் என்றால் அது பாட்டுக்குப் பெட்டியாக இருக்க வேண்டும். வேலை செய்ய வேண்டியது வெளியே இருக்கும் ஆம்ப். அதுதான் பாசிவ், அதுதான் மரியாதை. இதிலோ ஆம்பையே பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறான். ஒரு பெட்டிக்குள் கீழ்ச் சத்தம் போடும் பெரிய கோனுக்கு ஒன்று, நடுக் கோனுக்கு ஒன்று, மேல் சத்தம் போடும் குட்டிக் கோனுக்கு ஒன்று என்று மூன்று ஆம்ப். எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்டேன்.

"உங்களுது ஒரே ஆளு ஒரே வாளிய வெச்சுட்டுப் பந்தி முழுக்கப் பரிமாறற மாதிரிங்க. என்றதுல ஒவ்வொரு இலைக்கும் ஒரு ஆளு நிக்கறான். எது நல்லா இருக்கும்?"

பந்தியாம், இலையாம். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டெம்போக்காரனுக்கு மோர் கொடுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

குக்கர் விசில் கெட்டுவிட்டது. பருப்பு தீய்ந்து வாசனை வந்த பிறகுதான் ஓடினேன். வேறு குக்கர் வாங்கச் சொன்னேன். பூங்கோதை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இப்போதெல்லாம் அவளும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். பல் டாக்டர் தேவசகாயத்திடம் ஒருமுறை காட்டினால் தேவலை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எங்கள் கேட்போர் வட்டம் கூடியது. பெயர்தான் வட்டம். ஆள் என்னமோ நான்கே பேர்: நான், வக்கீல் லிங்கப்பன், பல் டாக்டர் தேவசகாயம், மோட்டார் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற மருதாசலம். மாதம் ஒருவர் வீட்டில் கூடுவோம். ரெக்கார்ட் ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது. முடிந்த பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கடைசியில் பேசுவார், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. என் வீட்டில் கூடும்போது மற்றவர்கள் கொஞ்சம் பயந்துதான் பேசுவார்கள். மில்லுக்குள் அத்தனை இரைச்சலில், நூல் சுற்றும் எந்த ஸ்பிண்டிலில் பேரிங் போகப்போகிறது என்று நடந்துகொண்டே சொன்னவன் நான். "நாச்சிமுத்தண்ணன் காது சொன்னா சுப்ரீம் கோர்ட்டு சொன்ன மாதிரி" என்று லிங்கப்பனே சொல்லுவான். அவன் யாரையும் லேசில் புகழ மாட்டான்.

ஜெர்மன் ஜோடியைப் பார்த்ததும் லிங்கப்பன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என்னங்ணா, கல்யாண மண்டபத்து மைக் செட்டா?" என்றான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காப்பித் தட்டோடு வந்த பூங்கோதை தட்டை அவன் மடியிலேயே வைத்தாள்.

"வக்கீலய்யா, கண்ணுல பாத்துச் சொல்லாதீங்க. காதுல கேட்டுச் சொல்லுங்க. அடுத்த கூட்டமும் இங்கயே வெச்சுக்கலாம். நடுவுல துணி கட்டிருவோம். ரெண்டு ஜோடியும் பாடட்டும். எது ஜெயிக்குதோ அது புது வீட்டுக்கு. தோத்தது மருதாசலண்ணன் வீட்டு மாடிக்கு."

"நாங்க ரெடிங்க அண்ணி" என்றான் லிங்கப்பன், வீடு அவனுடையது போல.

"நானும் உக்காந்து கேப்பேன். நானும் சொல்லுவேன்."

"அப்ப காப்பி?"

"நீங்க போடுங்க."

தேவசகாயம் விழுந்து விழுந்து சிரித்தார். மருதாசலம், ஸ்விட்ச் பெட்டி ஒன்று தானே செய்து கொண்டுவருவதாகச் சொன்னார். குமிழை இந்தப் பக்கம் திருகினால் இந்த ஜோடி, அந்தப் பக்கம் திருகினால் அந்த ஜோடி. நானும் சரி என்று சொல்லிவிட்டேன். என் ஜோடிக்கு முன்னால் அந்த டப்பா எத்தனை நிமிடம் நிற்கும் என்று பார்க்கத்தானே போகிறோம்.

ஜூன் 19, வியாழன்

பூங்கோதை அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். எதிரியின் பலத்தைத் தெரிந்துகொள்வோமே என்று ஜெர்மன் ஜோடியில் ஒரு வயலின் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டேன். மங்கல். மூடி போட்ட பாத்திரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி. இதற்கா இத்தனை ஆட்டம் என்று சந்தோஷமாக இருந்தது.

பிறகு அதே ரெக்கார்டை என் ஜோடியில் போட்டேன். இதுவும் கொஞ்சம் மங்கல்தான். சில மாதமாகவே அப்படித்தான் இருக்கிறது. மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசி வரைக்கும் திருகி வைத்துத்தான் கேட்கிறேன். குட்டிக் கோன், அந்த ட்வீட்டர், போயிருக்க வேண்டும். போன மாதம் மருதாசலம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறது என்றார். அவருடைய மீட்டரை முதலில் ரிப்பேர் செய்ய வேண்டும்.

அதன் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. ஜெர்மன்காரன் உள்ளே வைத்திருக்கும் ஆம்ப் சொத்தை, அதனால்தான் மங்கல். என் ஜப்பான் ஆம்பில் ட்ரெபிளை ஏற்றிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ஆம்பின் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி ஜெர்மன் பெட்டியின் பின்னால் இருக்கும் ஓட்டையில் செருகினேன். காலம் முழுக்க பாசிவ் ஜோடியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஸ்பீக்கர் என்றால் ஆம்பிலிருந்து ஒயர் வர வேண்டும். அந்த ஓட்டையோ ரெக்கார்ட் பிளேயரிலிருந்து வருவது போன்ற மெல்லிய சிக்னலுக்கானது. 'டப்' என்றது. கருகிய வாசனை. இடது பெட்டி அவ்வளவுதான்.

பூங்கோதை உள்ளே வரும்போதே மூக்கை உறிஞ்சினாள். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அதன் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துருவோம்னு பயமாங்க உங்களுக்கு?"

"எனக்கென்ன பயம்!"

"பின்ன எதுக்கு?"

மங்கலாக இருந்தது, அதைச் சரி செய்யப் பார்த்தேன் என்றேன். "மங்கலா?" என்று கேட்டவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அது. வேறு என்னவோ. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை, அதையும் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மருதாசலம் வந்து பெட்டியைத் திறந்தார். சிக்னல் நுழையும் போர்டில், முன்வாசல் காவல்காரன் மாதிரி நிற்கும் ஒரு குட்டிப் பாகம்தான் செத்திருக்கிறது, மூன்று ஆம்பும் பிழைத்தது என்றார். காந்திபுரத்தில் தேடி அதற்கு ஈடான ஒன்றை வாங்கி வந்தார். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலையை யார் செய்வது என்று வந்தபோது பூங்கோதை சால்டரிங் அயர்னை என் கையில் கொடுத்தாள்.

"சுட்டவரே ஒட்டட்டும்."

ஒட்டினேன். என் கை இன்னும் நடுங்குவதில்லை, அதைச் சொல்ல வேண்டும். உள்ளே பார்த்தேன். பாவி, என்ன வேலை செய்திருக்கிறான்! ஒவ்வொரு ஒயரும் வகிடு எடுத்த மாதிரி. மூன்று ஆம்பும் மூன்று தட்டில், ஒன்றின் சூடு இன்னொன்றின் மேல் படாதபடி. நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் போட்டி முடிந்துவிடும்.

வேலை நடக்கும்போது ஒரு கூத்து. நிமிர்ந்து பார்த்தால் மருதாசலம் என்னையும் எனக்குப் பின்னாலும் மாறி மாறிப் பார்க்கிறார். திரும்பினேன். பூங்கோதை காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கூப்பிட வேண்டியதுதானே என்றேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நின்று, "காப்பி குடிங்க" என்றாள். அதிலிருந்து எது சொன்னாலும் எனக்கு எதிரே வந்து நின்றுதான் சொல்கிறாள். கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

இரண்டு பெட்டியும் பாடுகின்றன.

ஜூன் 29, ஞாயிறு

கைக்கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். வலது காதில் வைத்தேன், இடது காதில் வைத்தேன், சத்தமே இல்லை. பார்த்தால் முள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

ஜூலை 2, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பேசி முடித்த பிறகு நான் பேச வேண்டும். துணிக்குப் பின்னால் எது பாடுகிறது என்று எனக்குத் தெரியாமல் போனால்? இங்கிலீஷ் ஜோடி மாடிக்குப் போனால் போகட்டும், அது மரம். எனக்கு இருப்பது இந்தக் காது ஒன்றுதான். மில்லை மூடியபோது மாஸ்டர் என்ற பேர் போனது. தலைமுடி போனது, முழங்கால் போனது. காதும் போய்விட்டால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? லிங்கப்பன் வாய்விட்டுச் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவன் சிரிக்க மாட்டான், என்னிடம் சத்தமாகப் பேச ஆரம்பிப்பான். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும். கை பரபரக்கிறது.

மூன்று பேரும் காலை டிபனுக்கே வந்துவிட்டார்கள். ஹாலின் குறுக்கே கொடி கட்டி பூங்கோதை இரண்டு பச்சைப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். பின்னால் இரண்டு ஜோடியும் அக்கம்பக்கமாக. சத்தம் கூடுதலாக இருப்பதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்பதால், மருதாசலம் நேற்றே வந்து இரண்டையும் மீட்டர் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். குமிழைத் திருகி மாற்றிக் காட்டினார். எல்லாம் சரி.

அப்போது லிங்கப்பன் பையிலிருந்து வெல்வெட் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். பித்தளைக் குமிழ். பீளமேட்டில் லேத் வைத்திருக்கும் கட்சிக்காரரிடம் சொல்லிக் கடைந்து வாங்கியதாம், எலுமிச்சம்பழம் அளவு, நல்ல கனம்.

"மருதாசலண்ணா, உங்க பொட்டியில இருக்கறது பிளாஸ்டிக் குமிழ். பிளாஸ்டிக்கு சத்தத்தோட உயிர உறிஞ்சிரும். இதப் போடுங்க, கச்சேரி மேடையே கண்ணு முன்னால விரிஞ்சு நிக்கும்."

"குமிழ்ல எங்கீங்க சத்தம் போகுது?" என்றார் மருதாசலம்.

"அதெல்லாம் மீட்டருக்குத் தெரியாதுங்ணா. காதுக்குத்தான் தெரியும்."

வெளி ஆசாமிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்களுக்குள் இதெல்லாம் சகஜம். நானே ஆம்புக்கு அடியில் கருங்காலிக் கட்டை வைத்திருக்கிறேன். மருதாசலம் முணுமுணுத்துக்கொண்டே பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுப் பித்தளையை மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ஆளுக்கொரு நாற்காலியில் நாங்கள் நான்கு பேர்: லிங்கப்பன், தேவசகாயம், பூங்கோதை, நடுவில் நான்.

"இது ஏ ஜோடி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வயலின். பக்கத்தில் மிருதங்கம். கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் மருதாசலம் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, மாற்றி, மறுபடி ஏற்றினார். "இது பி ஜோடி."

அதே வயலின். அதே மிருதங்கம்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வித்தியாசம் எங்கே? மறுபடி ஏ, மறுபடி பி. ஒன்றுமே இல்லை. ஒரு மயிரிழைகூட இல்லை! பக்கத்தில் லிங்கப்பன் பி வரும்போதெல்லாம் 'ஆஹா' என்று தலையை ஆட்டுகிறான். தேவசகாயம் ஏ வரும்போது உதட்டைப் பிதுக்குகிறார். அவர்களுக்கு மலைக்கும் மடுவுக்குமாகக் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான், போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ரெக்கார்ட் முடிந்தது. பேசும் முறை. முதலில் தேவசகாயம்.

"ஏ கொஞ்சம் வறண்டிருக்குங்க. வயலின் வில்லு உரசறது பல்லக் கூசுது. பி வந்ததும் ஈரம் வந்துருது. பி தான்."

அடுத்தது லிங்கப்பன். எழுந்தே நின்றுவிட்டான்.

"இதுல விவாதத்துக்கே இடமில்லீங்க. ஏ-ல வாத்தியங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. பி-ல வித்வான் எங்க உக்காந்திருக்கார், மிருதங்கக்காரர் எவ்வளவு தள்ளி உக்காந்திருக்கார்னு கைய நீட்டித் தொடலாம். பழைய பாசிவ் பொட்டிக்கே உள்ள கம்பீரம். பி தான் நம்மண்ணனோட இங்கிலீஷ் ஜோடி. ஏ அந்தக் குன்னூரு டப்பா. மன்னிச்சுக்கோங்க அண்ணி, உண்மையத்தான் சொல்லோணும்."

பூங்கோதை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"அப்படீன்னா?"

"ஏ-வும் பி-யும் ஒண்ணு. வித்தியாசமே இல்லீங்க."

லிங்கப்பன் சிரித்தான். "அண்ணி, இத்தன வருசமா அடுப்படியில இருந்தே கேட்டுப் பழகிட்டீங்க. குக்கர் சத்தத்துக்கு நடுவுல எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும்." தேவசகாயமும் சிரித்தார். பூங்கோதையின் முகம் சிவந்தது. ஆனாலும் "நான் கேட்டதத்தான் சொன்னேன்" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சுப்ரீம் கோர்ட்டு.

பி என்று ஒரே ஓர் எழுத்துச் சொன்னால் போதும். காது பிழைத்தது, பேர் பிழைத்தது, இங்கிலீஷ் ஜோடி புது வீட்டுக்குப் போகும். யாருக்கும் தெரியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கேட்டதைச் சொன்னதற்குச் சிரிப்பு வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். நான் கேட்டதும் அதுவேதான். அதை விழுங்கிவிட்டு எதிர்க்கட்சியில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கும் வித்தியாசம் தெரியலீங்க" என்றேன்.

"அண்ணா, அண்ணிக்காகச் சொல்றீங்க."

"இல்ல லிங்கப்பா. நெசமாவே தெரியல. என்ற காது போயிருச்சு. கொஞ்ச நாளாவே எனக்குச் சந்தேகந்தான். மணிக்கூடு ஓடறது கேக்கறதில்ல. இவ கூப்புட்டா கேக்கறதில்ல. இனிமே இந்த நாக்காலியில வேற யாராச்சும் உக்காருங்க."

லிங்கப்பன் என் கையைப் பிடிக்க வந்தான். பூங்கோதை அதற்கு முன் பிடித்துக்கொண்டாள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, "ஏனுங்ணா... ஒரு நிமிசம். யாரும் எந்திரிக்காதீங்க" என்று மருதாசலத்தின் குரல். போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளங்கையில் பித்தளைக் குமிழ். முகம் வெளுத்திருந்தது.

"இது பாட்டுக்குச் சுத்துதுங்க. ஓட்டை பெருசு, தண்டு சிறுசு. நான் திருகினப்பெல்லாம் குமிழ்தான் சுத்தியிருக்கு. உள்ள தண்டு அசையவே இல்ல. திருக லேசா இருக்குதேன்னு பாத்தேன், பித்தளைன்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"அப்படின்னா?" என்றார் தேவசகாயம்.

"மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே ஜோடிதான் பாடுச்சு. ஏ-வும் அதுதான். பி-யும் அதுதான்."

"எது?"

"அண்ணியோட ஜெர்மன் ஜோடி."

ஒரு கணம் எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தேன் பாருங்கள், நாற்காலியிலிருந்து விழாத குறை. பூங்கோதை என் தோளில் குத்துகிறாள், அவளுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கம்பீரம்! பாசிவ் பெட்டிக்கே உள்ள கம்பீரம்! தேவசகாயம், "ஐயோ ஆண்டவரே, எனக்கு ஈரமாத்தானே கேட்டுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். லிங்கப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். கோர்ட்டில் எத்தனையோ கேஸ் தோற்றிருப்பான், இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு அவனே வந்து பூங்கோதையைக் கும்பிட்டான்.

"அண்ணி, காப்பி நான் போடறேனுங்க."

போட்டான். சுமார்தான். எல்லோரும் குடித்தோம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். மருதாசலம் பழைய குமிழை மாட்டி, இந்தத் தடவை உண்மையாகவே மாற்றினார். முதல் மிருதங்க அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது! "இது என்னோடது" என்றேன். மாற்றினார். "இது அவளோடது." மாற்றாமலேயே மாற்றியதாக ஏமாற்றிப் பார்த்தார். "மருதாசலம், மாத்தல" என்றேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. செத்துப்போச்சு என்று நான் கையைக் கழுவிய காது! எழுந்து ஒரு குத்தாட்டம் போட்டிருப்பேன், முழங்கால்தான் விடவில்லை.

தீர்ப்பையும் சொன்னேன். ஜெர்மன் ஜோடியில் மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், அடித்தால், அடித்த இடத்தில் சத்தம் நிற்கிறது. என் ஜோடியில் அடித்த பிறகும் கொஞ்ச நேரம் உறுமுகிறது. இத்தனை வருடமாக அந்த உறுமலைத்தான் நான் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "புது வீட்டுக்குப் போறது பூங்கோதையோடது" என்றேன். அப்பீல் இல்லை.

"மேல் சத்தம் எப்படீங்ணா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"அத அவ சொல்லுவா" என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காது டாக்டருக்கு நானே போன் செய்து நாள் வாங்கினேன். வட்டத்துக்கே சொல்லியாயிற்று, டாக்டரிடம் சொல்ல என்ன வெட்கம்?

ஜூலை 10, வியாழன்

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கீழ்ச் சத்தம், நடுச் சத்தம் எல்லாம் வாலிபன் மாதிரி இருக்கிறதாம். மேல் சத்தம் மட்டும் மேட்டுப்பாளையம் மலைப்பாதை மாதிரி இறங்கிவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசு. டெஸ்ட் வரைபடத்தைப் பார்த்ததுமே, "சார் மில்லுல இருந்தீங்களா?" என்று கேட்டார். இந்த ஊரில் இந்த மாதிரிக் காது நிறைய வருமாம். அத்தனை ஸ்பிண்டிலுக்கும் காது கொடுத்தேன். அவை பதிலுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. போகட்டும், அந்த மில் ஓடித்தான் வீடு கட்டினோம், மகளைப் படிக்கவைத்தோம்.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற குட்டி மெஷின் இரண்டைக் காட்டினார்.

"இதுக்கு ஆம்ப் எங்கம்மா இருக்கு?"

"உள்ளயே இருக்குங்க சார். ரெண்டு பக்கமும் தனித்தனியா."

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கு வெளியே ஓடினாள். வெளியே அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

ஜூலை 14, திங்கள்

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகத்தான் பொங்கியது என்று பூங்கோதை சொல்கிறாள். நேற்றே மருதாசலம் இங்கிலீஷ் ஜோடியை ஆள் வைத்து எடுத்துப் போய்விட்டார். தூக்கும்போது பார்க்க வேண்டாம் என்று நான் பால்கனியில் நின்றுகொண்டேன். வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. புது வீட்டில் முதல் கூட்டம் மாலையில். காலையில் காது மெஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் செய்தித்தாள் புரட்டினால்கூட ஓலைக்கூரை சரிகிற மாதிரி இருந்தது, இப்போது பழகிவிட்டது.

பூங்கோதை ஒரு பழைய வயலின் ரெக்கார்டை எடுத்துப் போட்டாள். நான் முதன்முதலாக வாங்கியது. தேய்ந்துவிட்டது, கஞ்சிராவில் கட்டியிருக்கும் சல்லிகளின் சத்தம் அதில் போய்விட்டது என்று சில வருடமாக ஓரம் கட்டி வைத்திருந்தேன். வேண்டாம், அது செத்த தட்டு என்றேன். அவள் கேட்கவில்லை, முள்ளை வைத்தாள்.

வயலின் போனது. மிருதங்கம் நின்றது. கஞ்சிராக்காரர் எடுத்தார்.

சில், சில், சில்.

நான் எழுந்தே விட்டேன். "ஏம்புள்ள! இது எங்கிருந்து வருது?"

"தட்டுல இருந்துதானுங்க."

"இது போயிருச்சே! தேஞ்சு போச்சே!"

அவள் எனக்கு எதிரே வந்து நிற்கவில்லை. ஜன்னல் ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, எப்போதும் பேசுகிற குரலில் சொன்னாள்.

"தட்டு தேயவே இல்லீங்க."

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. முள்ளைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து வைத்தேன்.